கண்டிக்கோட்டை, பெலும் குகை கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து காரில் கிளம்பி கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கு, பெலும் குகை, யாகண்டி சிவன் கோயில் என்று ராயலசீமைக்குள் ஒரு சுற்று சுற்றி வருவது எங்கள் வீட்டில் மூன்று முறை ஆகிவிட்டது. ஒரு முறை நண்பர்களோடு, ஒரு முறை மனைவி மகளோடு, கடைசியாக அம்மாவையும் கூட்டிக்கொண்டு. திரும்பி வந்ததும் யாராவது போன் போட்டுக் கேட்பார்கள், கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

இதெல்லாம் எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

எல்லாம் ஆந்திராவில். கண்டிக்கோட்டை கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகு என்ற ஊரிலிருந்து 15 கிலோமீட்டர். பெலும் குகையும் யாகண்டியும் முன்பு கர்நூல் மாவட்டத்தில் இருந்தன, 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது நந்தியாலுக்குப் போய்விட்டன. சென்னையிலிருந்து கண்டிக்கோட்டை கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், அங்கிருந்து பெலும் 60, பெலுமிலிருந்து யாகண்டி இன்னொரு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னும் கிட்டம், 280 கிலோமீட்டருக்குள் கண்டிக்கோட்டை வந்துவிடும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், முதல் முறை நாங்கள் அப்படித்தான் முடித்தோம். முடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தோம் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு உச்சி வெயிலில் கண்டிக்கோட்டையில் போய் இறங்கி, வரிசையில் நின்று படம் எடுத்து, மறுநாள் குகைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டு, யாகண்டிக் கோயில் வாசலில் வண்டியைத் திருப்பி, இரவு இரண்டு மணிக்கு வீடு. திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்தபோது நினைவில் இருந்தது ரோடு மட்டும்தான்.

மூன்று நாள், இரண்டு இரவு. இதற்குக் குறைவாக என்றால் யாகண்டியை விட்டுவிடுங்கள், குகையிலும் விடியற்காலைப் பள்ளத்தாக்கிலும் கை வைக்காதீர்கள்.

எந்த வழியாகப் போவது?

திருவள்ளூர், திருத்தணி, நகரி, புத்தூர், ரேணிகுண்டா, அங்கிருந்து ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை, கடப்பா. ஊத்துக்கோட்டை வழியாகப் புத்தூரைப் பிடிப்பவர்களும் உண்டு, திருப்பதிக்குக் காரில் போய்ப் பழகியவர்களுக்கு அதுவரை சொல்லித்தர வேண்டியதில்லை.

ரேணிகுண்டா தாண்டி சேஷாசலம் காட்டு ஓரமாக ஒரு நீட்டு வரும், அங்கே கொஞ்சம் நிதானம். இந்தக் காடு செம்மரத்துக்குப் பேர்போனது, உலகத்தில் வேறெங்கும் காட்டில் இப்படி விளைவதில்லை என்பதால் கடத்தலும் அதிகம், சோதனைச்சாவடியும் அதிகம். தமிழ்நாட்டு எண் பலகை போட்ட வண்டியை ஒரு பார்வை கூடுதலாகப் பார்ப்பார்கள். எங்களை டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள், உள்ளே அம்மாவின் முறுக்கு டின்னைப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

கடப்பாவுக்கு 25 கிலோமீட்டர் முன்னால் ரோட்டின் ஓரத்திலேயே ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் இருக்கிறது. கால் நீட்ட நிறுத்துவதாக இருந்தால் அங்கே நிறுத்துங்கள். அந்த மண்டபத்துத் தூண்களைப் பார்க்க அரை மணி நேரம் போதாது.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் பிப்ரவரி. மழைக்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயிலும் பொறுக்கும்படி இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், பாறைமேல் செருப்பில்லாமல் நிற்க முடியாது.

கண்டிக்கோட்டை படத்தில் பார்ப்பது போலவே இருக்குமா, அல்லது ஏமாற்றமா?

படத்தில் தெரியாதது ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டுக் கோட்டைக்குள்ளே நடக்கும்போது எதிரில் பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. முள் புதர், இடிந்த சுவர், ஆடு, ஒரு டீக்கடை. அப்புறம் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், அதில் தாவித் தாவி ஏறினால் திடீரென்று முன்னால் நிலமே இல்லை. கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் பெண்ணாறு வளைந்து கிடக்கும். என் மகள் அந்த இடத்தில் சட்டென்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அதன் பிறகு பத்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை.

விடியற்காலையில் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் நிறம். சூரியன் வருவதற்கு முன் பாறை சாம்பல் நிறமாக இருக்கும், முதல் வெளிச்சம் பட்டதும் மேல் விளிம்பு மட்டும் செங்கல் நிறமாகும், பிறகு அந்தச் சிவப்பு மெதுவாகச் சுவரில் கீழே இறங்கிக்கொண்டே போகும். தண்ணீரைத் தொட முக்கால் மணி நேரம் ஆனது. பத்து மணிக்கு மேல் போனால் எல்லாம் வெளுத்துப்போய் ஒரே மாதிரி தெரியும்.

இன்னொன்று, விளிம்பில் கம்பி வேலி ஒன்றும் கிடையாது. குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். பின்னோக்கி நடந்து செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கீழே தண்ணீர் அசையாமல் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து இறங்கிக் குளிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். கொஞ்சம் தள்ளி மைலவரம் அணை இருப்பதால் தேங்கிய தண்ணீர் அது, பார்க்கும் அளவுக்குச் சாது இல்லை.

"இந்தியாவின் கிராண்ட் கேன்யன்" என்கிறார்களே, உண்மையா?

அமெரிக்கக் கேன்யன் ஒரு மைலுக்கு மேல் ஆழம். இதை அதோடு ஒப்பிட்டால் இதற்குத்தான் அவமானம். இது இதுவாகவே நன்றாக இருக்கிறது.

கண்டி என்றால் தெலுங்கில் மலையை ஆறு அறுத்துக்கொண்டு வரும் இடுக்கு. இடுக்கின் மேல் கட்டிய கோட்டை, அதனால் கண்டிக்கோட்டை. எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு குறுக்கே அறுத்துக்கொண்டு வந்த இடம் இது. பல பேர் இதைக் கிரானைட் என்று எழுதிவைத்திருக்கிறார்கள், தவறு. பழைய காலத்து மணல் படுகை படுகையாகப் படிந்து, இறுகி, குவார்ட்சைட் என்ற கடினமான பாறையாக மாறியது. இந்தப் பாறை வகைக்குப் புவியியலில் இந்த ஊர்ப் பெயரே இருக்கிறது, வயது நூறு கோடி ஆண்டுக்கும் மேல். படுகைக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு விரிசல், செங்குத்தாக ஒரு விரிசல் என்று இரண்டு பக்கமும் பிளந்திருப்பதால்தான் மொத்தச் சுவரும் யாரோ செங்கல் அடுக்கியது போலத் தெரிகிறது.

ஆற்றைப் பற்றி ஒரு சங்கதி. இந்தப் பெண்ணாறும் நம் தென்பெண்ணையும் பிறப்பது கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில்தான். ஒன்று வடக்கே திரும்பி அனந்தபூர், கடப்பா சுற்றி நெல்லூரில் கடலுக்குப் போகிறது, இன்னொன்று ஓசூர், சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து கடலூரில் சேர்கிறது. அதனால்தான் இதை வடபெண்ணை என்பது. எங்கள் அம்மா திருக்கோவிலூர்ப் பக்கம். இதைச் சொன்னதும் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றபடியே ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

கோட்டைக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கோட்டைக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது, மாடு கட்டிய வாசல்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில் இரண்டிலும் மூலவர் இல்லை, வழிபாடும் இல்லை, வௌவால் வாடைதான். ஆனால் தூண்களில் வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம், ஒரு சிறைச்சாலை, சின்ன சார்மினார் மாதிரி ஒரு புறாக் கோபுரம்.

விஜயநகர காலத்திலும் அதற்குப் பின்னும் பெம்மசானி நாயக்கர்கள் கையில் இருந்த கோட்டை, 1650-களின் தொடக்கத்தில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லாவிடம் விழுந்தது. அவர் தளபதி மட்டும் இல்லை, பெரிய வைர வியாபாரியும் கூட. தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி 1652-இல் அவரைப் பார்க்க இங்கே வந்திருக்கிறார். மீர் ஜும்லா வெறுங்காலோடு உட்கார்ந்து, கால் விரல் இடுக்கிலும் இடது கை விரல் இடுக்கிலும் கடிதங்களைச் செருகிவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிப் பதில் சொல்லி எழுதவைத்தார் என்று குறித்துவைத்திருக்கிறார். களஞ்சியத்தின் இருட்டில் நின்றபோது எனக்கு அந்தக் கால் விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

பெலும் குகைக்குப் போனால் மலையே காணோமே, வழி தவறிவிட்டோமா?

இல்லை, சரியான இடம்தான். எல்லோரும் மலையில் குகை இருக்கும் என்று நினைத்துத் தேடுகிறார்கள். பெலும் தட்டை நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சுற்றிலும் வயல், கல் உடைக்கும் பட்டறை, வெளியே ஒரு பெரிய புத்தர் சிலை. கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் இரும்புப் படி. அதில் இறங்கினால் குகை. பிலம் என்ற சொல்லிலிருந்து பெலும் வந்தது என்கிறார்கள். நமக்கும் அது பழைய சொல்தான், வாலி மாயாவியைத் துரத்திக்கொண்டு புகுந்தது பிலத்துக்குள்தானே.

அளந்தவரை மொத்த நீளம் 3,229 மீட்டர், நாம் நடக்க விடுவது அதில் ஒன்றரை கிலோமீட்டர். சமவெளியில் இவ்வளவு நீளமான குகை நம் நாட்டில் வேறு இல்லை, மேகாலயாவில் இருப்பவை இதைவிட நீளம். காலை 10 மணிவாக்கில் திறந்து மாலை 5 மணியோடு மூடிவிடுவார்கள். கண்டிக்கோட்டையில் விடியலைப் பார்த்து, சாப்பிட்டுக் கிளம்பினால் கணக்காக இருக்கும்.

உள்ளே ஏசி மாதிரி குளிருமா?

இதுதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடும் இடம். குகை என்றால் குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் எடுத்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். உள்ளே புழுக்கம், ஈரப் புழுக்கம். படி இறங்கி இருபது அடி போவதற்குள் என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, துடைத்தால் மறுபடியும் படிகிறது, கடைசியில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். குழாய் போட்டு மேலிருந்து காற்றை உள்ளே தள்ளுகிறார்கள், அந்தக் குழாய் வாய் இருக்கும் இடத்தில் நாலு பேர் நின்று முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பருத்திச் சட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு கைத்துண்டு, அவ்வளவு போதும்.

மூச்சு முட்டுமா? வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

இருதயக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி முழங்கால் ஒத்துழைத்தால் பாதி தூரம் வரை தாராளமாகப் போகலாம். எங்கள் அம்மாவுக்கு 68 வயது, தியான மண்டபம் என்று சொல்லும் கூடம் வரை வந்தார், அங்கே கல்லே கட்டிலும் தலையணையும் மாதிரி அமைந்திருக்கிறது, பார்த்துவிட்டு "எனக்கு இது போதும், நீங்க போயிட்டு வாங்க" என்று மேலே ஏறிவிட்டார். அங்கங்கே குனிந்து போக வேண்டும். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதாள கங்கைதான் ஆழமான இடம், வாசல் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே. படி வழுக்கும். இறங்கிப் போனால் ஒரு சின்ன ஓடை, எங்கிருந்தோ வந்து எங்கேயோ பாறைக்குள் போய் மறைகிறது. போன் சிக்னல் கிடையாது, கும்பல் குறைந்த நேரமாக இருந்தால் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கலாம். கோடிலிங்கம் பகுதியில் கூரையிலும் தரையிலும் லிங்கம் லிங்கமாகச் சுண்ணாம்பு வழிந்து இறுகியிருக்கும். ஆலமரக் கூடத்தில் விழுது தொங்குவது போல இருக்கும். ஏழு ஸ்வரக் குகை என்று ஒன்றில் தொங்கும் கல்லைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்பார்கள். தட்டாதீர்கள். விரல் நீளம் வளர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும் பொருள் அது, நம் வியர்வைக் கை பட்டாலே வளர்ச்சி கெட்டுப்போகும்.

இந்தக் குகை எப்படி உண்டானது?

மழைத் தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் இறங்கிக் கரைத்துக் கரைத்து அகலப்படுத்துகிறது. அப்படி அகலமான வழியில் நிலத்தடி ஓடைகள் ஓடி இன்னும் குடைந்தன. பெலுமில் சுவர்களைப் பாருங்கள், தண்ணீர் வழித்துக்கொண்டு போன வழவழப்பு கையால் இழைத்தது போல இருக்கும். இப்போது தண்ணீர் கீழே போய்விட்டது, வழி மட்டும் மிச்சம்.

யார் கண்டுபிடித்தது?

உள்ளூர்க்காரர்களுக்கு எப்போதும் தெரியும். பௌத்தத் துறவிகள் தங்கியிருந்த தடயம் கிடைத்திருக்கிறது. பதிவாக எழுதியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1884-இல். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? 1863-இல் நம் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்த அதே ஆள்தான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் இருந்தார், அவர் சாம்பலை அங்குள்ள தேவாலயத்தில்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் நூறு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1982, 83-இல் கெபாவர் என்ற ஜெர்மானியர் தலைமையில் ஒரு குழு வந்து உள்ளே தவழ்ந்து வரைபடம் போட்டது. அதன் பிறகு ஆந்திர சுற்றுலாத் துறை சேற்றை வாரி, விளக்குப் போட்டு, 2002-இல் மக்களுக்குத் திறந்தது.

கடப்பா கல் என்கிறோமே, அது இந்த ஊரா?

ஆமாம், இதே ஊர்தான். இதை முதல் பயணத்தில் கவனிக்கவே இல்லை, அதற்காக இன்னும் வருத்தம். பெலுமைச் சுற்றி, கொலிமிகுண்ட்லா, தாடிபத்ரி பக்கமெல்லாம் ரோட்டின் இரண்டு பக்கமும் கல் அறுக்கும் பட்டறைகள். கருப்புப் பலகைகளை அப்பளம் உலர்த்துவது போலச் சாய்த்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், மரம், செடி, டீக்கடைத் தகரம் எல்லாவற்றின்மேலும் வெள்ளைத் தூசு. நம் வீட்டுச் சமையலறையில் மேடைக்கும் பரணுக்கும் அலமாரித் தட்டுக்கும் போட்டிருக்கும் கல் இங்கிருந்து லாரியேறி வந்ததுதான். குகையைக் குடைந்திருப்பதும் இதே சுண்ணாம்புக்கல் இனத்தில்தான். ஒரு பட்டறையில் நிறுத்தி வேடிக்கை பார்த்தோம். வாள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுக்கிறார்கள், வெளியே வருவது சாம்பல் நிறக் கூழ். வேலை செய்த அண்ணன் ஒருவர் அறுத்த விளிம்பைத் துணியால் துடைத்துக் காட்டினார், நம் சமையல்மேடையின் அதே கருப்பு. ஊருக்கு வந்த மறுநாள் என் மகள் அடுப்பங்கரை மேடையைத் தட்டி, "அம்மா, இதுக்குள்ள குகை இருக்கா?" என்றாள்.

போரா குகை பார்த்துவிட்டோம், இதையும் பார்க்க வேண்டுமா?

இரண்டும் வேறு. அரக்குப் பக்கத்துப் போரா மலைக்குள் இருக்கும் பெரிய கூடம், அண்ணாந்து பார்க்கலாம், வெளிச்சம் உள்ளே வரும். பெலும் நீளமான சந்து, பூமிக்குள் நடந்துபோகும் உணர்வு இதில்தான் அதிகம். எனக்குப் பெலும்தான். இடுக்கான இடத்தில் படபடப்பு வருபவர்கள் போராவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாகண்டியில் நந்தி வளர்கிறதாமே?

அப்படித்தான் சொல்கிறார்கள். முன்பு நந்தியைச் சுற்றி வலம் வர இடம் இருந்ததாம், இப்போது தூணுக்கும் நந்திக்கும் நடுவில் ஆள் போக முடியாது. கலியுகம் முடியும்போது எழுந்து கத்தும் என்று வீரபிரம்மேந்திரர் என்ற தெலுங்கு ஞானி சொன்னதாக நம்பிக்கை. அகத்தியர் சாபத்தால் இங்கே காகமே வராது என்பது இன்னொன்று. நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் காகம் பார்க்கவில்லை, குரங்கு ஏராளம். கோயிலுக்குப் பின்னால் செங்குத்துப் பாறையில் அகத்தியர் குகை, வேங்கடேசர் குகை என்று படியேறிப் போகும் குகைகள் உண்டு. அகத்தியர் குகைக்குப் படி ரொம்பச் செங்குத்து. குளத்துத் தண்ணீர் மலையிலிருந்து ஊற்றாக வருவது, குகைப் புழுக்கத்துக்குப் பிறகு அதில் கால் வைத்தால் சொர்க்கம்.

சாப்பாடு?

காரம். ராகி சங்கடி கிடைக்கும் இடத்தில் விடாதீர்கள், நம் ஊர்க் களிதான், கூடக் கொஞ்சம் அரிசி சேர்த்து உருண்டையாக வரும், நாட்டுக்கோழிப் புலுசு ஊற்றிச் சாப்பிட வேண்டும். காலையில் உக்கானி, அதாவது பொரியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தாளித்தது, தொட்டுக்கொள்ள மிளகாய் பஜ்ஜி. கடப்பாவில் காரம் தோசை, உள்ளே சிவப்பு விழுது தடவித் தருவார்கள், குழந்தைகளுக்குத் தடவ வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்டிக்கோட்டையில் கடைகள் குறைவு, பெலுமில் இன்னும் குறைவு. ஜம்மலமடுகில் பிஸ்கட், பழம், தண்ணீர் வாங்கிப் போட்டுக்கொண்டால் நிம்மதி. பெட்ரோலும் அங்கேயே.

எங்கே தங்குவது?

கண்டிக்கோட்டையில் சுற்றுலாத் துறையின் ஹரிதா விடுதி இருக்கிறது, அறைகள் கொஞ்சம்தான், வார இறுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கூடாரம் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. நாங்கள் ஒரு முறை கூடாரத்தில் படுத்தோம், நட்சத்திரம் அருமை, கழிப்பறை அருமை இல்லை. அம்மா, அப்பாவோடு போகிறவர்கள் ஜம்மலமடுகிலோ புரொத்துட்டூரிலோ லாட்ஜ் எடுத்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பிவிடலாம்.

தெலுங்கு தெரியாதே?

"எக்கட", "எந்த", இந்த இரண்டும் போதும், எங்கே, எவ்வளவு. மீதியைத் தமிழிலேயே பேசுங்கள், பாதி புரிந்துகொள்கிறார்கள்.

அகோபிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா? பக்கத்தில்தானே?

பக்கம்தான், யாகண்டியிலிருந்து திரும்பும் வழியில் ஆள்ளகட்டாவில் பிரிந்தால் போதும். ஆனால் திருமங்கையாழ்வார் சிங்கவேள்குன்றம் என்று பாடிய இடம், ஒன்பது நரசிம்மர், காட்டுக்குள் நடை. அதை அரை நாளில் செருகினால் என் முதல் பயணம் மாதிரி ஆகிவிடும். தனியாக இரண்டு நாள் வைத்துக்கொண்டு போங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

யாகண்டிக்குப் பங்கனபள்ளி ஊர் வழியாகத்தான் போக வேண்டும், ஆமாம், அந்த மாம்பழத்தின் ஊரேதான். ஆனால் பழம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அப்போது போகாதீர்கள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். என் இரண்டாவது பயணம் மே மாதம். கண்டிக்கோட்டையில் வெயில் தாங்காமல் எட்டு மணிக்கே ஓடிவந்துவிட்டோம், டிக்கியில் மூன்று பெட்டி பழம் இருந்தது, ரேணிகுண்டா வருவதற்குள் வண்டி முழுக்க வாசனை. மனைவி இன்றுவரை அந்தப் பயணத்தைத்தான் நல்ல பயணம் என்கிறாள்.